ஸ்பேட்: சொல் விளக்கம்

ரயில்வே விபத்து அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் ‘ஸ்பேட்’ என்பது ‘சிக்னல் பாஸ்டு அட் டேஞ்சர்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கமாகும். நிற்கச் சொல்லும் சிக்னலை, கடந்து செல்வதற்கான அனுமதி இல்லாமலேயே ஒரு ரயில் கடந்துவிட்ட நிகழ்வை அது குறிக்கிறது. தமிழ்ச் செய்திகள் இதைப் பெரும்பாலும் ‘சிக்னலை மீறிய ரயில்’ என்று எழுதிவிடுகின்றன. ஆனால் ‘மீறல்’ என்ற சொல், விசாரணை தொடங்கும் முன்பே ஓட்டுநரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. ஆங்கிலத் தொடரோ கடந்தது என்ற செய்தியை மட்டுமே சொல்லி, கடந்ததற்கு யார் பொறுப்பு என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது.

தொடரில் உள்ள ‘டேஞ்சர்’, கம்பத்தில் அசையும் கையால் சைகை காட்டிய பழைய சிக்னலான கைகாட்டியின் காலத்துச் சொல். கைகாட்டியின் கை கிடையாக நின்றால் அது அபாய நிலை. 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டனில், பனி உறைந்து இறுகிய கைகாட்டிகள், அபாய நிலைக்கு மாற்றப்பட்ட பின்னும் வழி திறந்திருப்பதாகவே காட்டியதால், விரைவு ரயில் ஒன்று நிலக்கரி ரயிலில் மோதியது. அதன் பின்னர், ரயிலை அனுமதிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கைகாட்டி அபாய நிலையிலேயே நிற்க வேண்டும் என்ற வழக்கம் நிலைபெற்றது. ஆகவே, இத்தொடரில் ‘அபாயம்’ என்பது முன்னே ஆபத்து காத்திருக்கிறது என்ற அறிவிப்பன்று. ‘நில்’ என்ற கட்டளை மட்டுமே.

பொறுப்பைப் பிரித்தறிய பிரிட்டன் வகுத்த பிரிவுகள் இச்சொல்லின் பொருளையே மாற்றியமைத்தன. ஓட்டுநர் நிறுத்துவதற்குப் போதிய நேரம் இருக்கும்படி நிறுத்தச் சைகை காட்டப்பட்டும் ரயில் கடந்திருந்தால் அது ‘ஏ’ பிரிவு. கருவிக் கோளாறாலோ சிக்னல் இயக்குநரின் பிழையாலோ, நெருங்கிவரும் ரயிலின் முன்னே சிக்னல் திடீரெனச் சிவப்புக்குத் திரும்பியிருந்தால் அது ‘பி’. நெருக்கடி நிலையில் இயக்குநரே வேண்டுமென்று சிவப்புக்கு மாற்றியிருந்தால் ‘சி’. ஆளின்றி உருண்டோடும் வண்டிகளுக்கு ‘டி’. 2012 டிசம்பர் முதல் ‘ஸ்பேட்’ என்ற பெயர் ‘ஏ’ பிரிவுக்கு மட்டும் உரியதாயிற்று. ஏனையவை ‘சிக்னல் பாஸ்டு அட் ரெட்’ என்பதன் சுருக்கமான ‘ஸ்பார்’ என்ற பெயரைப் பெற்றன. ஓட்டுநரின் பணிக்குறிப்பில் ஏறும் பெயர் இது என்பதால், நியாயமான திருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

எனினும் ‘ஏ’ பிரிவும் குற்றத் தீர்ப்பாகிவிடாது; வழுக்கும் தண்டவாளத்தாலோ பிரேக் பழுதாலோ ரயிலை நிறுத்த முடியாமற்போன நிகழ்வும் அதில்தான் அடங்குகிறது. லண்டனின் லாட்புரோக் குரோவில் 1999 அக்டோபர் 5 அன்று 31 பேர் இறந்த மோதலில், பயணிகள் ரயில் ஒன்று எஸ்.என்.109 என்ற சிக்னலைச் சிவப்பில் கடந்திருந்தது. கடந்தவர் ஓட்டுநர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே சிக்னல் அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை அவ்வாறே கடக்கப்பட்டிருந்தது. மேலே செல்லும் மின்கம்பிக் கட்டமைப்பு அதை மறைத்ததும் விசாரணையில் வெளிப்பட்டது. கல்லன் பிரபு தலைமையிலான அந்த விசாரணை, சிக்னல் இயக்குநர்களின் பயிற்சியையும், ரயில் சிவப்பைக் கடந்தது தெரிந்தபின் அவர்கள் செயல்பட்ட விதத்தையும் ஆராய்ந்தது. ஒரே சிக்னலைப் பல ஓட்டுநர்கள் கடக்கிறார்கள் என்றால், கேள்வி முதலில் அந்தச் சிக்னலை நோக்கியே எழ வேண்டும்.

ஆதலால் தமிழில் ‘நிறுத்தச் சைகை கடப்பு’ என்பதே பொருத்தம். ‘சைகை’ கம்பத்தையோ விளக்கையோ குறிக்காமல் அது சொல்லும் கட்டளையைக் குறிக்கிறது; ‘கடப்பு’ யார்மீதும் பழி ஏற்றுவதில்லை. ‘ஸ்பார்’ என்பதற்குச் ‘சிவப்பு கடப்பு’ போதும். ‘மீறல்’ என்பதை, ஓட்டுநர் தெரிந்தே கடந்தார் என்று நிறுவப்பட்ட இடத்துக்கு ஒதுக்கி வைக்கலாம்.

சிக்னல் பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டால், இயக்குநர் ஓட்டுநரிடம் பேசி, கடக்க அனுமதி தருவதுண்டு. இது ஸ்பேட் ஆகாது. ‘அனுமதிக் கடப்பு’ எனலாம். அனுமதி கொடுக்கும் முன் உரிய பாதுகாப்பு நிபந்தனைகளை உறுதிசெய்வது இயக்குநரின் பொறுப்பு; கேட்ட கட்டளையைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திவிட்டு, தடை தென்பட்டால் நிறுத்தக்கூடிய வேகத்தில் செல்வது ஓட்டுநரின் பொறுப்பு.