விடாத இருமலுக்கு இருமல் பாணி (சிரப்) ஏன் பலிப்பதில்லை?

மூளையின் அடியிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு தொண்டை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய் எல்லாவற்றுக்கும் கிளை விடுகிறது. ஒரு சிறு கிளை காதுத் துவாரத்துக்கும் போகிறது. காது குடையும்போது சிலர் இருமுவது அதனால்தான். இந்த நரம்பு எங்கே சீண்டப்பட்டாலும் இருமல் வரலாம். சீண்டும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் பாமசியில் பாணி வாங்கிக் குடித்துப் பயனில்லை.

8 வாரம் தாண்டினால்தான் அது நாட்பட்ட இருமல். ஆனால் காசநோய் இன்னும் இருக்கும் நம் நாட்டில் அவ்வளவு காலம் பொறுக்கக் கூடாது. 2 வாரம் தாண்டினாலே சளியைச் சோதிக்க வேண்டும். இரத்தம் வந்தால், உடல் மெலிந்தால், மாலைக் காய்ச்சல் இருந்தால் உடனே. திருகோணமலை மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. சோதனைக்கான சளியை, காலை எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்செடுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நெஞ்சு எக்ஸ்ரேயும் தேவை.

அடுத்து, குளிசைப் பையைப் பாருங்கள். எனலாப்ரில், கப்டோப்ரில் போன்ற பிரஷர் குளிசைகள் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. பிராடிகைனின் தேங்கி நரம்பைக் கூச வைக்க, வறட்டு இருமல் வரும். குளிசை தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. தானாக நிறுத்தக் கூடாது. கிளினிக்கில் சொன்னால் லோசார்ட்டன் என்ற வேறு வகைப் பிரஷர் குளிசைக்கு மாற்றுவார்கள். இருமல் அடங்க 4 வாரம் பிடிக்கலாம், சிலருக்கு 3 மாதமும் ஆகும்.

இழுப்பே இல்லாமல் இரவிலும் விடியற்புறமும் இருமலாக மட்டும் வரும் முட்டும் (ஆஸ்துமா) உண்டு. ஊதும் சோதனையில், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்தை இழுத்த 15 நிமிடத்தில், முதல் வினாடியில் வெளிவரும் காற்று 12 வீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் முட்டு என்பதற்கு அது வலுவான சான்று. கூடாவிட்டால் இல்லையென்று ஆகாது. சீனக்குடாப் பக்கம் மாவுத் தூசிக்குள் வேலை செய்பவர், லீவு நாட்களில் இருமல் குறைகிறதா என்பதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மருந்து, தினமும் இழுக்கும் ஸ்டீரொய்ட் பம்ப். மெதுவாக ஆழ இழுத்து, 10 வினாடி மூச்சைப் பிடித்து, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் பிடிக்கும். இரண்டு நாளில் பலன் காணவில்லை என்று பம்பைத் தூக்கி வைப்பவர்களும் உண்டு.

பீனிசத்தால் வரும் இருமலுக்கு மூக்கு ஸ்பிரே. நெஞ்செரிவோடு வரும் இருமலுக்கு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட்டு, இராச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி விட வேண்டும். நெஞ்செரிவே இல்லாதவருக்கு அந்தக் குளிசை இருமலை நிறுத்துவது அரிது.