மெஓத்: ஒரு காலத்தில் பெயர்ச்சொல்லாக இருந்த 'மிக'

ஆங்கிலத்து 'வெரி'க்கு எபிரேயத்தில் என்ன சொல் என்று கேட்டால், 'மெஓத்' என்று எந்த அகராதியும் சொல்லிவிடும். மேம், ஆலெஃப், தாலெத் என்று மூன்றே எழுத்து. 'தோவ்' என்றால் நல்லது, 'தோவ் மெஓத்' என்றால் மிக நல்லது. நாம் முன்னால் வைக்கும் 'மிக' அங்கே பின்னால் வந்து நிற்கும். ஆதியாகமம் 1:31-இல், படைத்ததையெல்லாம் கடவுள் பார்க்கும் இடத்தில் வருவது இதுதான். தமிழ் வேதாகமம் 'மிகவும் நன்றாயிருந்தது' என்கிறது. இன்றைக்கு இஸ்ரேலில் நன்றாக எழுதிய பிள்ளையின் நோட்டில் ஆசிரியர் எழுதுவதும் அதே 'தோவ் மெஓத்'தான். அழுத்திச் சொல்ல வேண்டுமா, 'மெஓத் மெஓத்'. நம்முடைய 'மிக மிக' போலவே.

ஆனால் உபாகமம் 6:5-க்கு வந்தால் இந்தப் பொருள் உதவாது. கடவுளிடம் முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் அன்புகூரச் சொல்லிவிட்டு, மூன்றாவதாக 'பெகோல் மெஓதேகா' என்கிறது மூலம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன் எல்லா மிகவோடும்'! இங்கே மெஓத் பெயர்ச்சொல். இப்படிப் பெயர்ச்சொல்லாக அது வேதாகமத்தில் இன்னும் ஓரிடத்தில், 2 இராஜாக்கள் 23:25-இல், யோசியா அரசனைப் பற்றிய வரியில்தான் இருக்கிறது. தமிழில் 'முழுப் பலத்தோடும்' என்று பெயர்த்தார்கள். பழைய யூத ஆசிரியர்களோ, மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பின் பெராகோத் பகுதியில், 'உன் செல்வம் எல்லாவற்றோடும்' என்று பொருள் சொன்னார்கள். பலம், செல்வம் இரண்டையும் ஒரே சொல்லில் பிடிக்க நமக்கு 'மிகுதி' இருக்கிறது. உன் மிகுதி முழுவதோடும். மிகு என்ற வினையிலிருந்து 'மிக'வும் 'மிகுதி'யும் பிறந்த மொழி நம்முடையது, அதனால் இந்த உறவு தமிழ்க் காதுக்கு உடனே எட்டும். 'ரொம்ப'வும் 'நிரம்ப' என்பதிலிருந்து தேய்ந்து வந்ததுதானே.

அளவைச் சொல்லும் மற்றத் தொடர்களில் இன்னும் நெருக்கம். 'மிதா' என்றால் அளவு. 'பெமிதா ரபா' பெருமளவு, 'பெமிதத் மா' ஓரளவு. 'குறிப்பிட்ட அளவிற்கு' என்று ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வரத் தேவையே இல்லை. 'கோல் காக்' என்பதற்கு 'அவ்வளவு' பொருந்தும்.

சிக்கல், அளவுக்கு மீறியதைச் சொல்லும் ஆங்கிலத்து 'டூ'வில் (too) தான். அதையும் 'மிக' என்றே போட்டுவிடுகிறோம், பொருள் கெட்டுப்போகிறது. எபிரேயர் அதை 'மிதை' என்பார்கள். 'தை' என்றால் போதும்; 'மிதை' என்றால் போதும் என்பதைத் தாண்டியது. யாத்திராகமம் 36:5-இல் ஆசரிப்புக் கூடார வேலைக்கு ஜனங்கள் வேண்டியதற்கு மேல் கொண்டுவந்து குவிக்கிறார்கள் என்று வேலைக்காரர்கள் மோசேயிடம் சொல்லும் இடத்திலும் இந்தச் சொல்தான். அப்புறம் தேநீரை வாயில் வைத்துவிட்டு ஒருவர் 'ஹம் மிதை' என்றால், அதை 'மிகச் சூடு' என்று எழுதக்கூடாது. 'குடிக்க முடியாத சூடு' என்று எழுத வேண்டும்.