கால் எங்கே போனது?

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பினாங்கு ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் எல்லாம் தயாராக இருந்தது. புது மெத்தை, தலைமாட்டில் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், கூப்பிட வசதியாகக் கை எட்டும் தூரத்தில் ஒரு மணி. அத்தைக்கு 72 வயது. நிமோனியாவோடு 12 நாள் வார்டில் படுத்திருந்தவர். நுரையீரல் தெளிந்துவிட்டது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஆனால் குளியலறைக்குப் போக எழுந்தவர், முட்டி மடங்கி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "நோய் போயிடுச்சு, சரி. என் கால் எங்கடா போச்சு?"

கலங்கிப்போய்க் கேட்ட கேள்விதான். ஆனால் உடலியலில் அதற்கு நேரடியான விடை இருக்கிறது. கால் கல்லீரலுக்குப் போனது. கொஞ்சம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் போனது.

தசை என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல. ஒவ்வொரு நாளும் அதன் புரதத்தில் 1 முதல் 2 விழுக்காடு பிரிக்கப்படுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு புதிதாகக் கட்டப்படுகிறது. நடமாடிக்கொண்டிருக்கும் மனிதரில் வரவும் செலவும் ஈடாகிவிடுவதால் தொடை நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிறது. "கட்டு" என்ற உத்தரவின் பெரும் பகுதி எங்கிருந்து வருகிறது என்றால், பாரத்திலிருந்து. நாம் எழுந்து நிற்கும்போது முழு உடம்பின் எடையும் தொடை, பிட்டம், கெண்டைக்கால், முதுகுத் தசைகளை இழுக்கிறது. அந்த இழுவையைத் தசை நார்கள் உணர்கின்றன. உள்ளே புரதம் கட்டும் வேலை முடுக்கிவிடப்படுகிறது. படுத்துவிட்டால் எடையை மெத்தை தாங்கிக்கொள்கிறது. உத்தரவு நின்றுபோகிறது. படுத்தபடியே சாப்பிடவும் போர்வையை இழுக்கவும் கைகளுக்கு வேலை இருக்கிறது. கால்களுக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் கைகளை விடக் கால்கள் வேகமாக வற்றுகின்றன.

இது சும்மா படுத்திருப்பவரின் கதை. காய்ச்சலோடு படுத்தவருக்கு இன்னொன்றும் நடக்கிறது. கிருமியோடு போராடும் உடம்புக்கு அவசரமாகக் கச்சாப்பொருள் வேண்டும். கல்லீரல் போர்க்காலப் புரதங்களைத் தயாரிக்க வேண்டும். எதிர்ப்பு அணுக்கள் பெருக வேண்டும். பசியில்லாத நாளிலும் மூளைக்குச் சர்க்கரை போய்ச் சேர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் தேவை. உடம்பில் அவை அதிகமாகக் குவிந்திருக்கும் இடம் தசைதான். அழற்சியின் சமிக்ஞைகள் தசைக்குள் வந்ததும், பிரிக்க வேண்டிய புரதங்கள் மீது யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளம் குத்தப்படுகிறது. அடையாளம் விழுந்த புரதத்தைப் புரோட்டியசோம் என்ற நுண்ணிய எந்திரம் துண்டு துண்டாக நறுக்குகிறது. துண்டுகள் இரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகின்றன.

மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தாய் தன் சங்கிலியை அடகு வைப்பதைப் போன்றது இது. உடம்பு செய்தது தவறல்ல. அத்தையின் உயிரைக் காத்த செலவு அது. ஆனால் நெருக்கடி தீர்ந்த பிறகு சங்கிலி தானாக வீடு திரும்புவதில்லை.

இழப்பு எவ்வளவு வேகமானது என்பதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 67 வயதுடைய, எந்த நோயும் இல்லாத முதியவர்கள் 10 நாள் படுக்கையில் இருந்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. காய்ச்சலும் இல்லை, பட்டினியும் இல்லை, வெறும் படுக்கை.

இளைஞர்களுக்கும் இது விலக்கல்ல. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதுடைய ஆரோக்கியமான ஐந்து ஆண்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். எழுந்தபோது, கடும் உழைப்பின்போது உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்திருந்தது. பிறகு அதே ஐந்து பேரை 30 ஆண்டு கழித்து, 50 வயதில், மறுபடி அழைத்து அளந்தார்கள். நரை விழுந்து, எடை ஏறி, முப்பது ஆண்டு மூப்பு அவர்களிடமிருந்து பறித்ததைவிட, 20 வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம்! உடலியலில் நான் படித்த ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

அத்தைக்கு எழுந்தவுடன் தலையும் சுற்றியது. அதற்குக் காரணம் வேறு. படுக்கும்போது கால்களில் இருந்த இரத்தம் நெஞ்சுப் பக்கம் நகர்கிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயமும் சிறுநீரகமும் கணக்குப் போட்டு, "மிகுதி" நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடுகின்றன. ஓரிரு நாளிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுகிறது. பிறகு திடீரென எழுந்தால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கீழே இறங்கும். வழக்கமாகக் கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதை நொடியில் கவனித்து, இரத்தக் குழாய்களைச் சுருக்கி இதயத்தை வேகப்படுத்தும். பல நாள் படுத்தவரிடம் அந்த அனிச்சையும் மந்தமாகியிருக்கும். அதனால் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைத்துவிட்டு, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் இதயத்துக்குத் திரும்பும் குழாய்களிலுள்ள இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. இரண்டாவது இதயம் என்று அதைச் சொல்வது பொருத்தம்தான்.

சர்க்கரை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அது இல்லாத வீடு அபூர்வம். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு. இன்சுலின் சொல்லி இரத்தத்திலிருந்து இறக்கப்படும் சர்க்கரையில் மிகப் பெரிய பங்கைக் கொள்முதல் செய்வது தசை. சில நாள் படுக்கையிலேயே தசை இன்சுலின் பேச்சைக் கேட்பது குறைகிறது. அதே மாத்திரை, அதே சாப்பாடு, ஆனால் சர்க்கரை ஏறுகிறது என்று வீட்டுக்கு வந்த பிறகு பலர் குழம்புவது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. தானாகவே கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. சாப்பிட்ட பின் பத்து நிமிடம் வீட்டு வராந்தாவில் நடப்பதற்கு இவ்வளவு பலன் இருக்கிறது.

அத்தை மகள் இரண்டு வாரமாக அம்மாவை அசைய விடவில்லை. "எழுந்திரிக்காதீங்கம்மா, நான் இருக்கேன்ல." சோறு கட்டிலுக்கு வந்தது, தண்ணீர் கட்டிலுக்கு வந்தது, காலை உணவு கஞ்சி, இரவிலும் கஞ்சி. அன்பில் குறையே இல்லை. ஆனால் அந்த அன்பு தசைக்குத் தேவையான இரண்டையும், பாரத்தையும் புரதத்தையும், ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டது.

கஞ்சியை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் நாளில் நீரும் உப்பும் கொஞ்சம் மாவுச்சத்தும் தொண்டைக்கு இதமாக இறங்க அதைவிட நல்லது கிடையாது. வாரக்கணக்கில் அதையே நீட்டும்போதுதான் சிக்கல். ஒரு கிண்ண அரிசிக் கஞ்சியில் புரதம் இரண்டு மூன்று கிராம்தான் தேறும். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு நாளொன்றுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். அத்தை 50 கிலோ. அவருக்குக் குறைந்தது 60 கிராம். அதையும் இரவு ஒரே வேளையில் கொட்டக்கூடாது. வயதான தசை கொஞ்சம் காது மந்தம். சிறிய அளவு அமினோ அமிலம் வந்தால் அதற்குக் கேட்காது. வேளைக்கு 20, 25 கிராம் என்று வந்தால்தான் கட்டும் வேலை தொடங்கும்.

பினாங்கில் இதற்கு விலை உயர்ந்த டின் பால்மாவு தேவையில்லை. பசாரில் வாங்கும் தெம்பே 100 கிராமில் கிட்டத்தட்ட 19 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6. ஒரு குவளைப் பாலில் 8. உள்ளங்கை அளவு கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனில் 20 கிராமுக்குக் குறையாது. கஞ்சிதான் வேண்டுமென்றால் பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய விட்டு, முட்டையை அடித்து ஊற்றி, மேலே பொரித்த நெத்திலி தூவலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் புரத அளவை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வாரம் அத்தையை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போனோம். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. சில கிளினிக்குகளில் பிசியோ (உடற்பயிற்சிச் சிகிச்சை) பிரிவும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. காத்திருக்க வேண்டியிருக்கலாம், ஆனால் கேட்க வேண்டும். அங்கிருந்த பெண் எந்த எந்திரத்தையும் எடுக்கவில்லை. சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டார். "ஆண்ட்டி, கையை நெஞ்சில கட்டிக்குங்க. அரை நிமிஷத்துல எத்தனை தடவை எழுந்து உட்கார முடியுதுன்னு பார்ப்போம்."

பார்க்க விளையாட்டுப் போல இருக்கும் இந்த 30 விநாடிச் சோதனை உலகம் முழுக்கப் பயன்படுவது. 70 முதல் 74 வயதுப் பெண் 10 முறைக்குக் கீழே செய்தால், ஆண் 12க்குக் கீழே செய்தால், கால் பலம் குறைவு, விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். அத்தை இரண்டு முறை எழுந்தார். மூன்றாவது முறை கை தானாக நாற்காலியைத் தேடியது.

மருத்துவ வரலாற்றிலேயே நாற்காலிக்கு ஒரு கௌரவமான இடம் உண்டு. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவரை நாலைந்து வாரம் அசையாமல் படுக்க வைப்பார்கள். 1952இல் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளை ஆரம்ப நாள்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொலைக்குச் சமம் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். நோயாளிகள் சாகவில்லை, தேறினார்கள். இன்று இதய அறுவைக்கு மறுநாளே எழுப்பி உட்கார வைப்பதற்கு வழி போட்டது அந்த நாற்காலி.

பிசியோ சொன்னது எளிமையானது. கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து, ஓய்வெடுத்து, மறுபடி ஐந்து. முதலில் கையை ஊன்றலாம். எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்ய வேண்டும். மூன்று எண்ணி இறங்க வேண்டும். நீண்டபடியே பாரம் தாங்கும்போது தசை எழும்போதைவிட அதிக விசையைத் தாங்கும். மூச்சு வாங்குவதோ குறைவு.

முதல் பத்து நாளில் அத்தை இரண்டிலிருந்து ஐந்துக்கு வந்துவிட்டார். தொடையை அளந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. இது ஏமாற்று வேலையல்ல. ஆரம்ப வாரங்களில் பலம் கூடுவது தசை பெருத்ததால் அன்று, நரம்புகள் விழித்துக்கொள்வதால். இருக்கிற நார்களில் அதிகமானவற்றை மூளை ஒரே சமயத்தில் வேலைக்குக் கூப்பிடப் பழகுகிறது. புதுத் தசை கண்ணுக்குத் தெரிய அதற்குப் பிறகு பல வாரம் ஆகும். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள், "கால் இன்னும் குச்சியாத்தான் இருக்கு" என்று மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் மனம் பதறுகிறது எனக்கு, ஏனென்றால் பலன் தொடங்கும் வேளையும் அதுதான்.

வயதாகிவிட்டதே என்பது காரணமாகாது. 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 கொண்ட பத்துப் பேருக்கு 8 வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றார். மற்றவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

சில அடையாளங்கள் தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், படுத்திருந்த நாள்களில் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் 999ஐ அழைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு எழும்போது தலைசுற்றல் நீடித்தால், அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது. தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கட்டில் பக்கத்து மணியை அத்தை தானே எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். ஆறாவது வாரம் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பேரனின் கையைப் பிடித்து நாலு நடை. எட்டாவது வாரம் லிஃப்டில் இறங்கி, கீழே அக்கம்பக்கத்துச் சீனக் கிழவிகள் காலையில் கைவீசிப் பயிற்சி செய்யும் இடத்துக்கு. அவர்களோடு மொழி அதிகம் ஓடாது. ஆனால் வராத நாளில் மாடிக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள். தனியாகச் செய்யும் பயிற்சி எளிதில் நின்றுபோகும், எதிர்பார்த்திருக்க நாலு பேர் இருந்தால் தொடரும்.

டாலஸ் நகரத்து ஐந்து பேரின் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. 50 வயதில் அவர்களுக்கு ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது ஆண்டில் இழந்த ஆக்சிஜன் திறன் முழுவதும் திரும்பியது.

அத்தையின் கணக்கு இந்த வாரம் 30 விநாடிக்கு 9. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படியையும் ஏறப்போவதாகச் சொல்கிறார். முதலில் ஃபிளாட்டின் ஒரு மாடிப் படி என்று பிசியோ சொல்லியிருக்கிறார். நேற்று சாயந்திரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நான்காவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு இறங்கி நின்றார். மறுபடி ஏற வேண்டுமே என்றேன். "லிஃப்ட் இருக்குல்ல" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, படிக்கட்டின் பக்கமே திரும்பினார்.