சுகாதார எழுத்தறிவு: யாருக்கு எழுத்துத் தெரியாது?

'சுகாதார எழுத்தறிவு' என்ற சொற்றொடரை முதல்முறை கண்டபோது, யாரோ அவசரத்தில் போட்டுவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். பிறகு சுவரொட்டியில் வந்தது. வானொலி அறிவித்தலில் வந்தது. போன மாதம் ரொறன்ரோவின் ஸ்காபறோவில் ஒரு சமூக மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கான உடல்நலக் கூட்டம் நடந்தது. தாதி ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொல்ல வேண்டும். வாசலில் கொடுத்த கைந்நூலின் அட்டையில் கொட்டை எழுத்தில், 'புலம்பெயர்ந்த பெண்களிடையே சுகாதார எழுத்தறிவை மேம்படுத்தல்'.

முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "பிள்ளை, நான் முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில தமிழ் படிப்பிச்சனான். எனக்கோ எழுத்தறிவு காணாதெண்டு போட்டிருக்கினம்?" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பதில் வராமல் நின்றது நான்தான்.

ஆங்கிலத்தில் இது 'ஹெல்த் லிற்றரசி'. 1974இல் ஸ்கொட் சைமண்ட்ஸ் என்பவர் உடல்நலக் கல்வி பற்றிய கட்டுரை ஒன்றில் பயன்படுத்தினார். 1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் சொல்லடைவில் ஏறியது. லிற்றரசியின் வேர், எழுத்து என்று பொருள்படும் 'லித்தெரா' என்ற இலத்தீன் சொல். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் எழுத்தறியாமைக்கான சொல்தான் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. எழுத்தறிவுக்கான சொல் பிறக்க 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை ஆனது. இல்லாததற்குத்தான் முதலில் பேர் வைத்திருக்கிறார்கள். 'புலம்பெயர்ந்த' என்பதில் எனக்கு வழக்கில்லை. பட்டினப்பாலையிலேயே 'புலம்பெயர் மாக்கள்' இருக்கிறார்கள்.

வழக்கெல்லாம் மற்ற இரண்டு சொற்களோடுதான்.

ஆங்கிலத்தில் லிற்றரசி எழுத்தை விட்டுக் கழன்று கனகாலம். கணினிக்கு ஒரு லிற்றரசி, காசுக்கு ஒரு லிற்றரசி என்று பேசுகிறார்கள். அங்கே யாருக்கும் அ, ஆ, இ, ஈ நினைவுக்கு வருவதில்லை. தமிழில் 'எழுத்தறிவு' அப்படிக் கழலவில்லை. தமிழ்நாட்டின் அறிவொளி இயக்கத்திலிருந்து இலங்கைக் குடிசன மதிப்பீடு வரைக்கும், எழுதப் படிக்கத் தெரிவதுதான் எழுத்தறிவு. அதற்கு முன்னால் எந்தச் சொல்லை ஒட்டினாலும், காதில் விழுவது 'இவளுக்கு வாசிக்கத் தெரியாது' என்பதுதான்.

இந்த மண்டபத்தில் இருந்தவர்கள் யார்? பெரும்பாலும் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்புப் பெண்கள். பத்திரிகையை மரண அறிவித்தல் வரைக்கும் வரி விடாமல் வாசிக்கிறவர்கள். அவர்களுக்கு இல்லாமல் போனது எழுத்தில்லை, ஒழுங்குமுறை. ஊரில் மிட்வைஃப் வீட்டு வாசலுக்கு வருவா. பிள்ளைத்தாச்சியின் காலைப் பார்த்து வீக்கமா என்று கேட்பா. பிள்ளையின் நிறை, ஊசி எல்லாம் கிளினிக் கொப்பியில் ஏறும், அந்தக் கொப்பி அடையாள அட்டையோடு அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். அங்கே விஷயம் நடந்து வந்தது. இங்கே விஷயம் கடித உறையில் வருகிறது. ஒன்ராறியோவில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை 2025 மார்ச்சில் மாறியது. முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாப் ரெஸ்ட், இப்போது 25 வயதிலிருந்து, பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி ரெஸ்ட், அந்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸைத் தேடுவது. இதை ஒருவர் வந்து சொல்லமாட்டார். குடும்ப டொக்டரிடம் நாமாகப் போக வேண்டும், போனாலும் நாமாகக் கேட்க வேண்டும், ஆண் டொக்டர் என்றால் கேட்கவே வாய் வராது. தென்னாசியாவிலிருந்து வந்த பெண்கள் இந்தப் பரிசோதனைக்குக் குறைவாகவே போகிறார்கள் என்று இந்த மாகாணத்து ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. வெட்கமும் மொழியும் வேலை நேரமும் டொக்டரின் நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதும் சேர்ந்த விஷயம் இது. எழுத்து இதில் எத்தனையாவது காரணம்?

அடுத்தது 'சுகாதாரம்'. சுகம், ஆதாரம் என்று இரண்டு வடசொல் சேர்ந்தது. வடசொல் என்பதால் எனக்குக் கடுப்பில்லை. சந்தித்தால் 'சுகமா இருக்கிறியளோ' என்றுதான் கேட்கிறோம், அந்தச் சுகத்தை எங்கே கொண்டுபோய் விடுவது? ஆனால் சுகாதாரம் என்றதும் எங்களுக்குத் தோன்றுவது நுளம்புக் குடம்பி தேடி வளவுக்குள் வரும் பீ.எச்.ஐ. என்ற சுகாதாரப் பரிசோதகர், சாப்பாட்டுக் கடையின் குசினி, வாய்க்கால், மலசலகூடம். ஊருக்கான சொல் அது, உடம்புக்குள் வராது. இரண்டையும் சேர்த்து 'சுகாதார எழுத்தறிவு குறைந்த பெண்கள்' என்றால், வாசிக்கவும் தெரியாது, துப்புரவும் கிடையாது என்றுதான் ஒலிக்கிறது. வெளிநாட்டுக்கு வந்து இருபது வருடம் பெட்டித் தொழிற்சாலையில் நின்று உழைத்தவளுக்கு இது தேவையா?

'விழிப்புணர்வு' என்று போடலாமே என்பார்கள். அது இதைவிட மோசம். தமிழ்நாட்டில் எதை எடுத்தாலும் விழிப்புணர்வுப் பேரணி, விழிப்புணர்வு முகாம். பெண்களெல்லாம் படுத்து உறங்குவது போலவும் ஒருவர் மேளம் அடித்து எழுப்புவது போலவும். 'நலவறிவு' என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான சொல், சின்னதும்கூட. ஆனால் அறிவு தலைக்குள் இருந்துவிடும். கொழும்பில் உயிரியல் படிப்பித்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஈரலின் வேலையெல்லாம் ஒப்பிப்பார். டொக்டர் எழுதிய புதுக் குளிசையைப் பழையதோடு சேர்த்துப் போடுவதா, பழையதை நிறுத்துவதா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை, இரண்டையும் போட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் தகவலைத் தேடி அடைவது, புரிந்துகொள்வது, பயன்படுத்துவது மூன்றும் உண்டு. கேள்வி கேட்கிற துணிவையும் டொன் நட்பீம் என்ற ஆய்வாளர் 2000இல் அதற்குள் கொண்டுவந்தார். அறிவு மட்டும் இத்தனையும் தூக்காது.

திரும்ப மண்டபத்துக்கு வருகிறேன். கைந்நூலின் நாலாம் பக்கத்தில் ஒரு வரி: 'முடிவு நேர்மறையாக இருப்பின் மருத்துவரை அணுகவும்.' அதே ஆசிரியை அம்மா கை உயர்த்தினார். "நேர்மறை எண்டால் நல்லதுதானே? நல்லதெண்டால் ஏன் டொக்டரிட்டப் போறது?" பக்கத்திலிருந்தவர்களும் தலையாட்டினார்கள். நேர்மறையாகச் சிந்தி என்று வானொலியில் காலை தவறாமல் சொல்கிறார்கள், அவர் அதை வைத்துப் பொருள் எடுத்தார். எழுத்தறிவு கூடியவர், அதனாலேயே இடறினார். வாசிக்கத் தெரியாத ஒருத்தி யாரிடமாவது கேட்டுத் தெளிந்திருப்பாள். 'வைரஸ் இருக்கிறது என்று முடிவு வந்தால்' என்று எழுத என்ன கஷ்டம்? அது புற்றுநோய் என்றில்லை, மேலே பார்க்க வேண்டும் என்பதுதான், என்று இன்னொரு வரி சேர்த்தால் பாதிப் பேரின் நெஞ்சிடி குறையும்.

இதைச் செய்த மொழிபெயர்ப்பாளரை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். சொல்லுக்கு இத்தனை சதம் என்று கூலி, நாளைக்கே வேண்டும் என்று அவசரம். ஆனால் சென்னையிலிருந்து செய்விக்கிற மொழிபெயர்ப்பை ஸ்காபறோவில் அப்படியே அச்சடிக்கிறார்கள், அதுதான் கொடுமை. எங்களுக்கு 'வருத்தம்' என்றால் நோய், அங்கே மனக்கவலை. நீரிழிவைச் 'சீனி வருத்தம்' என்று ஒரு அன்ரி சொன்னதைச் சீனி இல்லாத கவலை என்று விளங்கிக்கொண்ட ஆளும் உண்டு. 'நாரி நோகுது' என்றால் இடுப்பு வலி, அகராதியில் நாரிக்குப் பெண் என்றும் பொருள். வாந்திக்குச் சத்தி, சளிக்குத் தடிமன், மாத்திரைக்குக் குளிசை, எதுவும் அந்தக் கைந்நூல்களில் இல்லை. வெள்ளைபடுதல் என்று எழுத வேண்டிய இடத்தில் 'வெளியேற்றம்' என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி விடுவதற்கும் அதே சொல். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டுக்கும் என்றால் தமிழிலும் ஒன்றுதான் என்ற கணக்கு.

சரி, என்ன சொல்வது? என் சொல் 'நலவிளக்கம்'.

எங்கள் பேச்சில் 'விளங்குதோ?' என்று கேட்காமல் ஒரு டொக்டரிடமிருந்து வெளியே வரமுடியாது. 'அவவுக்கு இதில நல்ல விளக்கம்' என்றால் அவளுக்குப் புரிந்திருக்கிறது. 'விளக்கம் தந்தார்' என்றால் அவர் புரியவைத்தார். ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. 2020இல் அமெரிக்க அரசு தன் சுகாதார இலக்குகளைப் புதுப்பித்தபோது ஹெல்த் லிற்றரசியின் வரையறையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று ஆளுக்குரியது, மற்றது நிறுவனத்துக்குரியது. மக்களுக்கு விளங்கும்படி சொல்லத் தெரியாத ஆஸ்பத்திரிக்கும் இதில் குறை உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள். எழுத்தறிவில்லாத ஆஸ்பத்திரி என்று தமிழில் சொல்ல முடியுமா? நலவிளக்கம் குறைந்த ஆஸ்பத்திரி என்று தாராளமாகச் சொல்லலாம். கைந்நூலுக்குத் தலைப்பு வைத்தது போல இருக்கிறதே என்று ஒரு ஆட்சேபம் வரும். இருக்கிறதுதான். நாலு இடத்தில் வந்தால் பழகிவிடும், 'மின்னஞ்சல்' பழகவில்லையா?

கூட்டம் முடிந்ததும் ஏற்பாட்டாளரிடம் சொன்னேன். அட்டையை மாற்ற முடியாது என்றார். நிதிக்கு விண்ணப்பித்த தலைப்பே அதுதானாம், தமிழிலும் அப்படியே பதிவாகிவிட்டதாம். நாலாம் பக்கத்து 'நேர்மறை'யை வேண்டுமானால் அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். ஆசிரியை அம்மா அதற்குள் தன் பிரதியைச் சிவப்புப் பேனாவால் திருத்தி என்னிடம் நீட்டினார். 'சுகாதார பரிசோதனை' என்று வந்த ஐந்து இடத்திலும் 'ப்' போட்டிருந்தார். அட்டையில் 'எழுத்தறிவு' என்பதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதை ஏற்பாட்டாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.