நெல்லை–தென்காசி நான்குவழிச் சாலையில் எதிர்த்திசை பைக்கும் எதிர்வெயிலும்

மாநில நெடுஞ்சாலை 39 என்று சொன்னால் பலருக்குத் தெரியாது. திருநெல்வேலிக்காரர்களுக்கு அது தென்காசி ரோடு. தென்காசிக்காரர்களுக்குத் திருநெல்வேலி ரோடு. பேட்டை, அபிஷேகப்பட்டி, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி. அதற்கப்புறம் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லம் வரை வழி நீள்கிறது.

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என் தொழில். விபத்து நடந்த இடத்தில் ஓட்டியவரைக் குறை சொல்லுமுன், அந்தச் சாலை எப்படி உருவானது என்று பார்ப்பது என் வழக்கம். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரக்கு போய்வந்த வழி இது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை தமிழ்நாட்டோடு இல்லை, திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. கொல்லத்துக்கு ரயில் வந்த காலத்தில், தண்டவாளம் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணி ஓரமாகச் சுற்றிப்போனது. சாலையோ வடக்கே ஆலங்குளம் வழியாக வறண்ட நிலத்தில் போனது. இரண்டும் பாவூர்சத்திரத்தில்தான் மறுபடி சந்திக்கின்றன. ரயில் இல்லாத இந்தப் பகுதிக்குச் சாலைதான் எல்லாமே. பஸ் ஸ்டாப், டீக்கடை, பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை என எல்லாம் சாலையைப் பார்த்தே உட்கார்ந்தன. வயல் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்று இருப்பவர்கள் ஏராளம். ஊர்த்தெருவைக் கடப்பது போலத்தான் கடந்து பழகினார்கள்.

அந்தத் தெருவைத்தான் நான்குவழியாக்கினோம். சுமார் 45 கிலோமீட்டருக்கு நடுவில் தடுப்பு வந்தது. நேருக்கு நேர் மோதலைத் தடுக்க அது அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நேற்றுவரை பத்தடி நடந்து கடந்தவர், இன்று தடுப்பில் இடைவெளி இருக்கும் இடம்வரை போய்த் திரும்பி வரவேண்டும். பெட்ரோல் விற்கிற விலையில் யார் போவார்? “இந்தா, இருநூறு அடிதானே” என்று ஓரமாக எதிர்த்திசையில் வண்டியை விடுகிறார்.

அந்த இருநூறு அடியின் கணக்கைப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. நம் நெடுஞ்சாலை வடிவமைப்பு விதிகள், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி என்று எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் 55 மீட்டர் போய்விடும். நிற்க மொத்தம் 120 மீட்டர் வேண்டும். எதிரே ஒரு பைக் 40-இல் வந்தால் இடைவெளி நொடிக்கு 33 மீட்டராகச் சுருங்கும். நூறு மீட்டரில் கண்ணில் பட்டால் மூன்று நொடிதான். அதுவும் லாரியின் பின்னாலிருந்து இடப்பக்கமாக முந்துகிறவருக்கு அந்த நூறு மீட்டர்கூடக் கிடைக்காது.

எதிர்த்திசையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான முறையில் ஓட்டுவதாகவே கருதப்படும். அபராதத்தைவிடப் பெரிய அடி அப்புறம்தான் வரும்: இழப்பீட்டு வழக்கில் உங்கள் பங்கும் தவறு என்று தீர்ப்பாயம் கண்டால், அந்த அளவுக்குத் தொகை குறையும். குடும்பத்தலைவரை இழந்த வீட்டில் இதை விளக்கிச் சொல்வது கொடுமை.

மக்களை மட்டும் குறைசொல்லி நான் தப்பிக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கும் தடுப்பு இடைவெளிக்கும் பொருத்தமே இல்லையென்றால், அது வரைபடத்தின் தவறு. உங்கள் ஊரில் அப்படி இருந்தால், ஊராட்சித் தீர்மானத்தோடு நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள். எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். “எங்கள் ஊர் முக்கு” என்று எழுதிய மனு மேசையிலேயே கிடக்கும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: வெயில். இந்தச் சாலை நேர் மேற்காகப் போகவில்லை, வடமேற்காகச் சாய்ந்து போகிறது. ஆனி, ஆடியில் சூரியன் மறைவதும் கிட்டத்தட்ட அதே திசையில்தான். குற்றாலச் சீசனுக்கு மாலையில் கிளம்பி வருகிறவர்களுக்கு, மேகம் விலகினால், கண்ணாடி முழுக்க வெயில். முன்னால் போகிற டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லையென்றால் கடைசி நேரம் வரை தெரியாது. அந்த மாதங்களில் கணவாய்க் காற்றும் சேர்ந்துகொள்ளும். பெரிய லாரியை முந்தி வெளியே வரும்போது பைக் ஒரு முழம் தள்ளிப்போகும்.

மார்கழியில் இதற்கு நேர்மாறு. திருநெல்வேலி நோக்கிக் காலையில் வருகிறவருக்கு உதயசூரியன் நேர் எதிரே. சபரிமலையிலிருந்து இரவெல்லாம் ஓட்டிவந்த வேன்கள் தென்காசியைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். தூக்கக் கண்ணில் வெயிலும் விழுந்தால், சாலையோரம் நடக்கிறவர் நிழலாகக்கூடத் தெரியமாட்டார். குருசாமிமார்களிடம் நான் கேட்பது இதுதான்: தென்காசியிலேயே வண்டியை நிறுத்தி ஓட்டுநரைத் தூங்கவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். கிளம்புமுன் முன்கண்ணாடியை உள்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். விபூதிக் கையும் மூச்சு ஆவியும் படிந்த கண்ணாடியில் எதிர்வெயில் பட்டால் வெறும் வெள்ளைதான் தெரியும்.