கதவு ‘டப்’ என்று சாத்தினால் போதுமா?

இந்த வாரமும் ஒரு புதுக் கார் வந்தது. சீட்டின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. “ஷோரூம்ல அவ்வளவு அமைதியா இருந்துச்சு சார். நெடுஞ்சாலையில ஏறினா பின் சீட்டுல அம்மா பேசுறது எனக்குக் கேக்கலை, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கலை. ஏதாவது ஷீட் ஒட்டிச் சரி பண்ணிக் கொடுங்க.” வாங்கும் முன் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். நாலு கதவையும் சாத்திப் பார்த்திருக்கிறார். 100 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா என்றால், இல்லை. ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு, அதுவும் ஏசியும் பாட்டும் ஓட.

கார்களில் வரும் சத்தப் புகார்களைப் பார்ப்பதுதான் என் வேலை. இப்படி வருகிற புதுக் கார்களில் பெரும்பாலும் பழுது எதுவும் இருப்பதில்லை. அந்த மாடலே அப்படித்தான். பணம் கட்டும் முன் அரை மணி நேரம் ஒழுங்காக ஓட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும் விஷயம் அது. கட்டிய பிறகு என்னால் பெரிதாக ஒன்றும் மாற்றித் தர முடியாது. அதை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதலில் அந்தக் கதவு விஷயத்தைப் பேசிவிடுகிறேன். கதவைச் சாத்தும்போது கனமாக ‘டப்’ என்று கேட்டால் வண்டி உறுதி, உள்ளே சத்தம் வராது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்தச் சத்தம் தானாக அமைவதில்லை. அதற்கென்றே பொறியாளர்கள் உட்கார்ந்து அமைக்கிறார்கள். வெளித் தகட்டின் உட்புறம் ஒரு டேம்பிங் பட்டை ஒட்டினால், வெண்கல மணியைக் கையால் பிடித்ததுபோலத் தகட்டின் அதிர்வு சட்டென்று அடங்கிவிடும். லாக்கில் இரும்பும் இரும்பும் மோதாமல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தால் ‘டங்’ போய் ‘டப்’ வரும். இந்த வேலைகளால் உங்களுக்குத் தெரிய வருவது ஒன்றே ஒன்று: நின்றுகொண்டிருக்கும் காரில், சாத்திய அந்த ஒரு நொடியில், அந்தத் தகடு எப்படி ஒலிக்கிறது என்பது.

நெடுஞ்சாலையில் கதவுக்கு வேலையே வேறு. வேகம் கூடக் கூட, முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள முன் தூணைச் சுற்றிக்கொண்டு காற்று பக்கக் கண்ணாடி மேல் பாயும். அங்கே வெளி அழுத்தம் கேபினுக்குள் இருப்பதைவிடக் குறையும். கதவின் மேல் சட்டம் வெளிப்பக்கமாக இழுபடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கதவு இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங் மேல் இருந்த பிடி தளர அது போதும். அந்த இடைவெளியில்தான் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றுச் சத்தம் காதருகில் வருகிறது. சட்டம் விறைப்பாக இருக்கிறதா, பீடிங் ஒரு வரிசையா இரண்டா, மூலைகளில் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறதா என்பதெல்லாம்தான் கணக்கு. ‘டப்’ சத்தத்தில் இவற்றில் எதுவும் தெரியாது.

இன்னொன்று. நல்ல இறுக்கமான பீடிங் உள்ள புதுக் காரில் கதவு சற்று அழுத்திச் சாத்தினால்தான் மூடும். “கதவு டைட்டா இருக்கு” என்று புகார் சொல்லி, தூணில் இருக்கும் லாக் கொக்கியை வெளியே தள்ளி வைக்கச் சொல்பவர்கள் உண்டு. கதவு பூப்போலச் சாத்தும். காற்றுச் சத்தம் அன்றைக்கே ஆரம்பிக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

ஐடிலிங்கில் அமைதியாக இருப்பதும் இதே மாதிரிதான். நிற்கும் காரில் கேட்க இஞ்சின் சத்தம் மட்டும்தான் உண்டு. 50 கி.மீ.க்கு மேல் போனதும் டயர் முந்திக்கொள்ளும், 100-ஐத் தாண்டினால் காற்று. 80-லிருந்து 120-க்குப் போகும்போது டயர் சத்தம் சுமார் 5 டெசிபல் ஏறும் என்றால், காற்றின் சத்தம் சுமார் 10 டெசிபல் ஏறும். 10 டெசிபல் என்பது காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலெக்ட்ரிக் கார் வாங்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மோட்டாரில் இஞ்சின் அளவுக்கு இரைச்சல் இல்லை என்பது உண்மை. ஆனால் டயரும் காற்றும் அதே டயரும் காற்றும்தான். இஞ்சின் சத்தம் மறைத்துக்கொண்டிருந்ததும் சேர்ந்து தெளிவாகக் கேட்கும்.

சரி, வாங்கும் முன் கண்ணால் பார்க்கக்கூடியது என்ன இருக்கிறது? கண்ணாடி இருக்கிறது. முன் கதவின் கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய ஒரு கோடு தெரிந்தால் அது லேமினேட்டட். ஒரே துண்டாக இருந்தால் டெம்பர்டு. மூலையில் உள்ள முத்திரையிலும் எழுதியிருக்கும். முன் கண்ணாடி எல்லாக் காரிலும் லேமினேட்டட்தான், அதைக் காட்டிப் பெருமை பேசினால் மயங்க வேண்டாம். பக்கக் கண்ணாடிதான் கேள்வி. 4, 5 மி.மீ. தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடி 2,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் சத்தத்தைத் தாராளமாக உள்ளே விடும். நம் காது கூர்மையாகக் கேட்கும் இடமும், பேச்சின் மெய்யொலிகள் பல தெளிவு பெறும் இடமும் அதுதான். அந்த அம்மா பேசியது மகனுக்குக் கேட்காமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரைச்சல் குறைக்கும் வகை லேமினேட்டட் கண்ணாடியின் நடுவில் உள்ள மெத்தென்ற படலம் அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஆபத்து நேரத்தில் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் லேமினேட்டட்டை உடைக்காது. சுத்தியலுக்கு நொறுங்குவது டெம்பர்டுதான்; உங்கள் காரில் எந்தக் கதவில் அது இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குக் கொடுப்பது பெரும்பாலும் விலை உயர்ந்த வேரியன்ட். நீங்கள் புக் செய்வது அதற்குக் கீழ். கண்ணாடி மாறும், டயர் மாறும், வீல் அளவு மாறும், பானெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு மெத்தை மாறும். ஓட்டியது ஒன்று, வீட்டுக்கு வந்தது ஒன்று. வாங்கப்போகிற அதே வேரியன்டை ஓட்டக் கேளுங்கள். இல்லையென்றால் இந்த நான்கும் ஒன்றுதானா என்று எழுத்தில் வாங்குங்கள்.

டயரில் இன்னொரு குழப்பம். ஐரோப்பிய டயர் லேபிளில் ஸ்பீக்கர் படம் போட்டு ஒரு டெசிபல் எண் இருக்கும். அது சாலையோரம் மைக் வைத்து, கார் கடந்துபோகும்போது வெளியே அளந்தது. கேபினுக்குள் எவ்வளவு கேட்கும் என்பதை அது சொல்லாது. உள்ளே வருவதில் பெரும்பகுதி சஸ்பென்ஷன் வழியாக, உடற்கூட்டின் வழியாக அதிர்வாக ஏறி வருகிறது. டயருக்குள் அடைபட்ட காற்றே 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வாக்கில் ‘உம்ம்’ என்று ஒலிக்கும். சில டயர்களில் உள்ளே ஃபோம் ஒட்டி வருவது இதற்காகத்தான். பார்க்க அழகாக இருக்கிறது என்று பெரிய வீலும் பக்கச்சுவர் உயரம் குறைந்த டயரும் கேட்டு வாங்குபவர்கள், கரடுமுரடான சாலையில் சத்தத்தையும் சேர்த்து வாங்குகிறார்கள். அமைதிதான் முதல் தேவை என்றால் சின்ன வீல் வேரியன்டை எடுங்கள்.

இஞ்சினில் ஒரே ஒரு விஷயம் பாருங்கள்: டாப் கியரில் 100 கி.மீ. வேகத்தில் ஆர்.பி.எம். எவ்வளவு? 3,000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் இஞ்சின் 100 ஹெர்ட்ஸில் முழங்கும், மூன்று சிலிண்டர் என்றால் 75. இந்த முழக்கத்தைச் சத்தம் அளக்கும் மொபைல் ஆப் சரியாகக் காட்டாது. வழக்கமான ‘ஏ’ அளவுகோல் 100 ஹெர்ட்ஸ் ஒலியை 19 டெசிபல் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கிறது. இரண்டு கார்களும் 68 என்று காட்டும், ஒன்றில் தலை கனக்கும். ஆப்பில், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ அளவுகோல் இருந்தால் ‘ஏ’, ‘சி’ இரண்டிலும் அளந்து பாருங்கள். ‘சி’ எண் ‘ஏ’-யைவிட எந்தக் காரில் அதிகம் விலகி நிற்கிறதோ, அதில் முழக்கம் அதிகம். அதே போன், அதே இடம், அதே சாலை என்றால்தான் ஒப்பிடவே முடியும். வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு சாலையில் அளந்து போட்ட எண்களை அருகருகே வைத்து முடிவெடுக்காதீர்கள்.

டெஸ்ட் டிரைவ் நெடுஞ்சாலையில்தான். வேறு சாலை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏசி, பாட்டு எல்லாம் அணைத்துவிடுங்கள். கூட வரும் விற்பனையாளரைச் சற்று நேரம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள், அதில் தப்பே இல்லை. 80, 100, சட்டம் அனுமதித்தால் அதற்கு மேல், ஒவ்வொரு வேகத்திலும் நிலையாக ஓட்டிப் பாருங்கள். போன வழியே திரும்பி வாருங்கள், காற்று எதிரில் வரும்போதும் பக்கவாட்டில் அடிக்கும்போதும் சத்தம் வேறாகும். தார்ச் சாலையும் கான்கிரீட்டும் இரண்டும் வேண்டும். அப்புறம் ஓட்டுவதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்காருங்கள். இதை யாருமே செய்வதில்லை. டிக்கி தனியாக இல்லாத ஹேட்ச்பேக், எஸ்யூவி வண்டிகளில் பின் சக்கரத்தின் இரைச்சல் நேரே பின் சீட்டுக்கு வரும், முன்னால் இருப்பவருக்கு அது தெரியாது. வீட்டில் காது கேட்கும் கருவி வைத்திருப்பவர் இருந்தால் அவரையே அழைத்துப் போய்ப் பின்னால் உட்கார வையுங்கள். பின்னணி இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்பது அவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்பது மற்றவர்களுக்குப் புரியாது.

சன்ரூஃப், ரூஃப் ரெயில் மேல் மாட்டும் குறுக்குக் கம்பி, கதவில் ஒட்டும் மழைத் தடுப்பு எல்லாமே காற்றுச் சத்தத்தைக் கூட்டக்கூடியவை. தேவை இருந்தால் மட்டும்.

ஷீட் ஒட்டுவதைப் பற்றி. டேம்பிங் ஷீட் தகட்டின் அதிர்வை அடக்கும், அதுவும் தகட்டில் கால்வாசி, மூன்றிலொரு பங்கு மூடினாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். கண்ணாடி வழியாகவும் பீடிங் வழியாகவும் வரும் காற்றுச் சத்தத்தை அது ஒன்றும் செய்யாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மூடி ஒட்டிவிட்டு, உள்ளே துருப்பிடித்த கதவுகளை நான் கழற்றியிருக்கிறேன். இதைவிட முக்கியம்: சில கார்களில் பக்க ஏர்பேக்குக்கான சென்சார், கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென்று மாறுவதை வைத்துத்தான் மோதலை உணர்கிறது. அந்தக் கதவின் உள் தகட்டைக் கண்டபடி வெட்டியும் ஒட்டியும் விளையாடக் கூடாது.

என்னிடம் வந்தால் நான் முதலில் எடுப்பது ஷீட் அல்ல, பெயின்டர்கள் ஒட்டும் பேப்பர் டேப். கதவின் மேல் இடுக்கை மூடி ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பேன். சத்தம் குறைந்தால் கசிவு அங்கே. குறையவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு மிரர் அடிப்பகுதி, அடுத்து சன்ரூஃப் ஓரம். இதை நீங்களே செய்யலாம்.

கசிவு இருப்பது தெரிந்தால் வாரன்டியிலேயே புகார் கொடுங்கள். எந்த வேகத்தில், எந்தக் கதவில், காற்று எந்தப் பக்கம் அடித்தபோது என்று எழுதிக் கொடுத்து, சர்வீஸ் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். அது முடியும் வரை வெளியே எங்கும் கதவைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்த கதவைக் காட்டி வாரன்டி கிடையாது என்று சொல்லிவிடுவார்கள்.