ரெப்ளிகா நின்றால் ஸ்கிப் அடிக்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. இணையத்தில் விற்பனை செய்யும் ஒரு நிறுவனம். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.7, எழுதுவதற்கு ஒரு மாஸ்டர், அதன் மாற்றங்களை அப்படியே ஏற்றிக்கொள்ளும் பிரதியாக ஒரு ரெப்ளிகா. மாஸ்டரில் டிஸ்க் போனது, ரெப்ளிகாவை மாஸ்டராக்கினார்கள் (இதைத்தான் ஃபெயில்ஓவர் என்பார்கள்), கடை உடனே திறந்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து வாடிக்கையாளர்களின் போன். ஆர்டர் நம்பர் இருக்கிறது, உள்ளே பொருட்களைக் காணோம். சிலருக்குப் பணம் கட்டிய பதிவே இல்லை.

"ஃபெயில்ஓவரில் டேட்டா போய்விட்டது சார்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஃபெயில்ஓவரில் எதுவும் போகவில்லை. டேட்டா அதற்கு மாதக்கணக்கில் முன்பிருந்தே போய்க்கொண்டிருந்தது. ரெப்ளிகாவின் கான்ஃபிக் ஃபைலில் 'ஸ்லேவ் ஸ்கிப் எரர்ஸ்' என்ற வரி (ஸ்லேவ் என்பது ரெப்ளிகாவின் பழைய பெயர்; இதில் எழுதிய எரர்கள் வந்தால் நிற்காமல் தாண்டச் சொல்லும்), அதில் 1062 (டூப்ளிகேட்), 1032 (ரெக்கார்டைக் காணோம்). அது போதாதென்று, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு ஸ்கிரிப்ட். நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கும். மாஸ்டரின் மாற்றங்களை ஏற்றும் வேலை, அதாவது ரெப்ளிகேஷன், வேறு எந்த எரரால் நின்றிருந்தாலும், நின்ற இடத்தைத் தாண்டவைக்கும் ஸ்கிப் கவுண்டரை 1 என்று வைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அப்படி ஒன்று ஓடுவதே தெரியாது, ஏனென்றால் அலர்ட்டே வரவில்லை.

இதை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது! கான்ஃபிக் ஃபைல் மாறும், ஊர் மாறும், இந்த வரி மட்டும் மாறாது.

இதற்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு நம்பிக்கை. "1062 என்றால் டூப்ளிகேட். அந்த ரோ, அதாவது அந்தப் பதிவு, ஏற்கெனவே இருக்கிறது என்றுதானே சொல்கிறது? இருப்பதைத் தாண்டிப்போனால் என்ன நஷ்டம்?" அனுபவமுள்ளவர்களே இப்படிக் கேட்கிறார்கள். அதனால் பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஒரு ஆர்டர் பதிவாகும்போது, முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற கட்டான ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் என்னென்ன நடக்கிறது? ஆர்டர் டேபிளில் ஒரு ரோ, எண் 50217 என்று வையுங்கள். அந்த ஆர்டரின் பொருட்களுக்கு மூன்று ரோ. ஸ்டாக்கில் மூன்று இடத்தில் குறைப்பு. பேமெண்ட்டில் ஒரு ரோ. ஆக எட்டு மாற்றங்கள். இப்போது யாரோ ஒருவர் டெஸ்டிங்குக்காக ரெப்ளிகாவிலேயே நேரடியாக ஓர் ஆர்டரைப் போட்டிருக்கிறார், அதற்கு 50217 என்ற எண் கிடைத்துவிட்டது. மாஸ்டரிலிருந்து உண்மையான 50217 வந்து சேரும்போது ரெப்ளிகா 1062 என்று சொல்லி நிற்கிறது. அது சொல்வது "இந்த எண்ணில் ஒரு ரோ இருக்கிறது" என்பது மட்டும்தான். "இதே ஆர்டர் இருக்கிறது" என்று அது சொல்லவே இல்லை. சாவி (இங்கே ஆர்டர் எண்) ஒன்று என்பதால் உள்ளே இருக்கும் விவரமும் ஒன்று என்று நீங்களாகவே முடிவுகட்டிக்கொள்கிறீர்கள்.

சரி, ஸ்கிப் கவுண்டர் 1 என்று வைத்தீர்கள். ஒரு ரோ மட்டும் தாண்டும் என்றா நினைத்தீர்கள்? மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான இன்னோடிபி டேபிள்களில் அது அந்த டிரான்சாக்‌ஷனையே முழுதாகத் தாண்டும். எட்டு மாற்றமும் போயிற்று. பொருட்கள் இல்லை, ஸ்டாக் குறையவில்லை, பணம் கட்டிய பதிவு இல்லை. ஆனால் 50217 என்று தேடினால் டெஸ்ட் ஆர்டர் வந்து நிற்கும், அதனால் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

கான்ஃபிக்கில் போடும் ஸ்கிப் எரர்ஸ் வரி இன்னும் மோசம். மாற்றங்களை ரோ ரோவாக அனுப்பும் ரோ முறையில் அது மோதிய அந்த ஒரு ரோவை மட்டும் விட்டுவிட்டு மீதி ஏழையும் ஏற்றிவிடும். உண்மையான வாடிக்கையாளர் வாங்கிய பொருட்கள் டெஸ்ட் ஆர்டரின் கீழ் போய் உட்காரும். பாதி டிரான்சாக்‌ஷன் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்த டேட்டாபேஸையே வைத்திருக்கிறோம்?

அடுத்து 1032 வரும். அந்த வாடிக்கையாளர் சில வாரம் கழித்து ஒரு பொருளைத் திருப்பி அனுப்புகிறார். மாஸ்டரில் அந்தப் பொருளின் ரோவில் ஒரு அப்டேட். கவுண்டரால் முழுதையும் தாண்டிய ரெப்ளிகாவில் அந்த ரோவே இல்லை, "ரெக்கார்டைக் காணோம்" என்று நிற்கிறது. அதையும் ஸ்கிப். முதல் ஸ்கிப்பிலிருந்து இரண்டாவது எரர் பிறக்கிறது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவைக்கிற வேலைதான் இது. கடைசியில் ஒருநாள் ஃபெயில்ஓவர் நடக்கும், அந்தத் தப்பான பிரதியே அசல் ஆகிவிடும். பழைய மாஸ்டரின் டிஸ்க்கும் போயிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கக்கூட எதுவும் மிஞ்சாது. மேலே சொன்ன நிறுவனத்தில் பேமெண்ட் கேட்வேயின் பதிவுகளையும் வாடிக்கையாளர்களுக்குப் போன ஈமெயில்களையும் வைத்து ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

ஸ்கிப்பே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. மாஸ்டரில் ஒரு யூசரை உருவாக்கினார்கள், அதே யூசர் ரெப்ளிகாவில் ஏற்கெனவே இருந்ததால் 1396 வந்தது என்றால், இரண்டு பக்கமும் உரிமைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டலாம். என்ன டிரான்சாக்‌ஷன் என்று கண்ணால் பார்த்த பிறகு தாண்டுவது வேறு. கூகுளில் முதலில் வந்த கமாண்டை ஒட்டுவது வேறு. ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் தனி அடையாள எண் தரும் ஜிடிஐடி ஆன் செய்திருந்தால் ஸ்கிப் கவுண்டரை வைக்கவே சர்வர் விடாது. அந்தக் குறிப்பிட்ட ஜிடிஐடிக்கு ஒரு வெற்று டிரான்சாக்‌ஷனை நீங்களே போட வேண்டும். எதைத் தாண்டுகிறோம் என்று அந்த ஒரு நொடியாவது பார்க்கவைக்கிறது என்பதாலேயே எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும்.

சர்வரை எழுதுபவர்களே இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள். மைஎஸ்க்யூஎல் 5.6 காலத்தில் ரெப்ளிகாவுக்கு அனுப்ப மாற்றங்களைக் குறித்துவைக்கும் பைனரி லாகில் மாஸ்டரால் எழுத முடியாமல் போனால், எரர் லாகில் ஒரு வரி போட்டுவிட்டு, பைனரி லாகையே நிறுத்திவிட்டு, சர்வர் தொடர்ந்து வேலை செய்யும். மாஸ்டரில் விற்பனை நடக்கும், ரெப்ளிகாவுக்கு எதுவும் போகாது. 5.7.7-இல் இயல்பு நிலையை மாற்றினார்கள்: இனி எழுத முடியாவிட்டால் சர்வரே நின்றுவிடும். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 2018-இல் பெரிய விவாதம் நடந்தது. லினக்ஸில், டேட்டாவை டிஸ்க்கில் உறுதியாக எழுதச் சொல்லும் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், திரும்ப அழைக்கும்போது எழுதாமலேயே "சரி" என்று பதில் வரக்கூடும் என்று தெரியவந்தது. 11.2 பதிப்பிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரஸ் உடனே விழுந்து, லாகிலிருந்து மீண்டு எழுகிறது. தப்பாக ஓடுவதைவிட நிற்பது மேல் என்று அவர்கள் முடிவுசெய்து எழுதியதை நாம் ஒரு கிரான் ஸ்கிரிப்டால் கெடுக்கிறோம்.

அலர்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலர் 'செகண்ட்ஸ் பிஹைண்ட்' (ரெப்ளிகா எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது) என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ரெப்ளிகேஷன் நின்றுபோனால் அந்த இடத்தில் எண் வராது, 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, வரும். "300-ஐவிடப் பெரிதா?" என்று ஸ்கிரிப்ட் கேட்டால் நல் பெரிதல்ல, ஆகவே எல்லாம் நலம் என்று அது முடிவெடுக்கும். மைஎஸ்க்யூஎல் 8.4-இல், ரெப்ளிகாவின் நிலையைக் காட்டும் பழைய 'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்' கமாண்டையே எடுத்துவிட்டார்கள். பழைய ஸ்கிரிப்டுக்கு சின்டாக்ஸ் எரர்தான் கிடைக்கும். அந்த எரரை விழுங்கிவிட்டு, காலியாக வந்த பதிலைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, டாஷ்போர்டில் பச்சை காட்டும் ஸ்கிரிப்டை நானே பார்த்திருக்கிறேன். பதில் வராவிட்டால் அதையே ஆபத்தாக எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். மாற்றங்களை வாங்குவது, ஏற்றுவது என்ற இரண்டு திரெட்டும் ஓடுகின்றனவா என்று தனியாகப் பாருங்கள். மாஸ்டரில் நொடிக்கு ஒருமுறை நேரத்தை எழுதி ரெப்ளிகாவில் படித்துப் பார்க்கும் பிடி-ஹார்ட்பீட் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். போஸ்ட்கிரஸ் ரெப்ளிகா பின்தங்கியது, அதைத் திரும்பக் கட்ட முயன்றார்கள். அந்த இரவு நேர அவசரத்தில் ரெப்ளிகா என்று நினைத்து மாஸ்டரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார்கள். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அன்றாட பேக்கப்பை எடுக்க வேண்டிய பிஜி-டம்ப் 9.2 பதிப்பாக இருந்தது, டேட்டாபேஸோ 9.6, பேக்கப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் ஈமெயில்கள் ஈமெயில் அசல்தானா என்று சரிபார்க்கும் டிமார்க் கோளாறால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேர டேட்டா போனது. அழித்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் போய்ச் சேராத ஈமெயில்தான் பெரிய விஷயம்.

இனி செய்ய வேண்டியவை. ரெப்ளிகாவில் 'ரீட் ஒன்லி' மட்டும் போதாது, 'சூப்பர் ரீட் ஒன்லி' ஆன் செய்யுங்கள். அட்மின் யூசரில் நுழைந்து எழுதுபவர்களை முன்னது தடுக்காது. 1062-இல் நான் பார்த்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வரியோடு போயிருக்கும். மாஸ்டரில், பைனரி லாகை ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எழுதவைக்கும் 'சிங்க் பின்லாக்' 1 ஆக இருக்கட்டும். வேகத்துக்காக அதை 0 ஆக்கிவிட்டு, கரண்ட் போய் வந்ததும் ரெப்ளிகாவில் 1236 (பைனரி லாகைப் படிக்க முடியவில்லை) வருகிறதே என்று புலம்பாதீர்கள். ரெப்ளிகாவில், விழுந்து எழுந்ததும் மீதி லாகை மாஸ்டரிலிருந்து திரும்ப வாங்கவைக்கும் 'ரிலே லாக் ரெகவரி' ஆன் செய்யுங்கள், 8.0-இலும் அது தானாக ஆன் ஆகி வருவதில்லை. பைனரி லாக் இன்னும் (மாறிய ரோவுக்குப் பதில் கமாண்டையே அனுப்பும்) ஸ்டேட்மெண்ட் முறையில் இருந்தால் ரோ முறைக்கு மாறுங்கள். வரிசையைச் சொல்லும் 'ஆர்டர் பை' இல்லாமல், எத்தனை ரோ என்று மட்டும் சொல்லும் 'லிமிட்' போட்ட ஒரு அப்டேட், இரண்டு சர்வரிலும் வேறு வேறு ரோக்களை மாற்றலாம், எந்த எரரும் வராது.

ரெப்ளிகேஷன் நிற்காமல் ஓடுவதால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டு பக்க டேபிள்களையும் ஒப்பிடும் பிடி-டேபிள்-செக்சம் கருவியை ஒரு கால அட்டவணை வைத்து ஓட்டுங்கள். வித்தியாசம் ஓரிரு டேபிளில் என்றால் சரிசெய்யலாம். எங்கெங்கே என்றே தெரியாவிட்டால் அந்த ரெப்ளிகாவை நம்பாதீர்கள், புதிதாகக் கட்டுங்கள். அதற்கு எக்ஸ்ட்ராபேக்கப் என்ற கருவி இருக்கிறது, மைஎஸ்க்யூஎல் 8.0.17-இலிருந்து குளோன் பிளகினும் இருக்கிறது. ஒரு ராத்திரி வேலைதான். அப்புறம், ரெப்ளிகா பேக்கப் ஆகாது. மாஸ்டரில் தவறி ஒரு டேபிளை டிராப் செய்தால் அது ரெப்ளிகாவிலும் உடனே டிராப் ஆகும்.

எரர் வந்துவிட்டதா? கை வைக்கும் முன் 'ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்' (பழைய பதிப்புகளில் 'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்') முழுதையும் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். மாற்றங்களை ஏற்றப் பல வொர்க்கர் திரெட்கள் ஓடினால் "கோஆர்டினேட்டர் நின்றது" என்று பொதுவாகத்தான் சொல்லும். உண்மையான எரர் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா என்ற உள் டேட்டாபேஸில் வொர்க்கர் வாரியான டேபிளில் இருக்கும், அங்கே பாருங்கள். எரர் காட்டும் பொசிஷனில் மைஎஸ்க்யூஎல்-பின்லாக் கருவியை வெர்போஸ் போட்டு ஓட்டினால் எந்த டேபிள், எந்த ரோ, என்ன மதிப்பு எல்லாம் தெரியும். அதே ரோவை இரண்டு சர்வரிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிடிஐடி இருந்தால் ரெப்ளிகாவின் எக்ஸிக்யூட்டட் செட்டில் (ஏற்றி முடித்த ஜிடிஐடிகளின் பட்டியல்) அதன் சொந்த யூயுஐடி (சர்வரின் அடையாள எண்) இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் யாரோ நேரடியாக எழுதியிருக்கிறார்கள், யார் என்று விசாரியுங்கள். அதுவரை ரெப்ளிகா நின்றே இருக்கட்டும். ரிப்போர்ட்டை மாஸ்டரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது மேலாளரிடம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாம். மாஸ்டரில் பழைய பைனரி லாக் பர்ஜ் ஆகும் (அழிக்கப்படும்) நாளை மட்டும் நீட்டிவையுங்கள்.